பக்கத்து சீட்டில் பிரேக் கிடையாது

ஓட்டுபவர் பக்கத்தில் கம்பளம் ஏறக்குறையப் புதிதாக இருந்தது. ஆள் சும்மா உட்கார்ந்து வருகிற பக்கத்தில்தான் அது நைந்து, நூல் பிரிந்து, ஒரு வலது பாதத்தின் அளவுக்கு ஓட்டையாகி, உள்ளே தகரம் தெரிந்தது. தகரமும் லேசாகக் குழிந்திருந்தது.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்கில், கூரை நசுங்கிக் கிடந்த அந்தக் காருக்குள் தலையை விட்டுப் பார்த்த ரிஜெக்ட் சாருக்குச் சிரிப்பு வந்தது. தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் அது. முப்பது வருடம் உதிரிப் பாகங்களைச் சோதித்துச் சிவப்பு முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை அரித்துக்கொண்டே இருந்தது. பாகம் கிடைக்காவிட்டால் மனிதர்கள் மேல் குத்தினார்.

"இது என்னய்யா, எலி கடிச்சதா?"

"வீட்டுக்காரம்மா சார்," என்றார் கிடங்குக்காரர். "ஓட்டினவர் பயங்கர வேகக்காரர். இந்தம்மா பக்கத்துல உட்கார்ந்து தரையை மிதிச்சுக்கிட்டே வருவாங்களாம். பதினெட்டு வருஷம்."

"அங்க பிரேக் கிடையாதுன்னு யாரும் சொல்லலையா?"

"அவங்க நோய்ல போயி ஒரு வருஷம் கழிச்சுதான் இந்த விபத்து. வண்டியில அவர் மட்டும்தான் இருந்தாரு." கிடங்குக்காரர் காதைச் சொறிந்தார். "பிரேக்ல ஒரு குறையும் இல்ல சார். நானே பிரிச்சுப் பார்த்தேன். ஏன் நிக்கலைன்னுதான் புரியல."

"மிதிக்கத் துப்பில்லாதவனா இருந்திருப்பான்."

ரிஜெக்ட் சாரின் சொந்த வண்டிக்கு ஐம்பது வயது. அழகி. ஆனால் நான்கு சக்கரத்திலும் அந்தக் காலத்து டிரம் பிரேக். மிதித்தால் யோசித்து, மனம் வந்தால்தான் நிற்கும். நசுங்கிய கார் அதே கம்பெனியின் பிந்திய மாடல். முன்பக்கத்து டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டர், கடைசியாக அந்த பிரேக் மிதி என்று பிரேக் சாமான் முழுவதையும் வரிசையாகக் கழற்றி எடுத்துவந்தார். எல்லாம் அவர் வண்டியில் அச்சு மாறாமல் உட்கார்ந்தன. ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை. இப்படிக் கச்சிதமான சாமானை வைத்துக்கொண்டு செத்தவனை நினைத்தால் அவருக்கு எரிச்சலாக வந்தது.

கடைசி வேலைக்குத்தான் இரண்டாவது ஆள் தேவைப்பட்டது. புது ஆயில் ஊற்றியபின் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துக் குழாய்த் திருகைத் திறந்து மூட வேண்டும். மனைவியைக் கூப்பிட்டார். வேறு வழியில்லை என்கிற முகத்தோடுதான் கூப்பிட்டார். அவளும் வண்டியில் ஏறினால் தரையை மிதிக்கிற ரகம். வளைவு வந்தால் பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்துக்கொண்டு பாதத்தை ஊன்றுவாள். "காலை எடு. அங்க பிரேக் கிடையாது," என்பார் இவர். கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருடமாக இதே வசனம்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"பிடி. ம்... விடு."

நான்காவது தடவை மேலேயிருந்து அவள் குரல் தயங்கி வந்தது. "என்னங்க, நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே அது கீழ போகுது."

"உனக்கு எது முன்னாடி, எது பின்னாடின்னு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு? சொன்னதை மட்டும் செய்."

குமிழிகள் வந்து, குறைந்து, நின்றன. ஆயில் சுத்தமாக ஒழுகியது. நல்ல ஒரே சீரான அழுத்தம். பரவாயில்லையே, இவளுக்குக்கூடப் பழகிவிட்டதே என்று எண்ணியபடி வெளியே நகர்ந்து எழுந்தார். மனைவி சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாம ஏன் இறங்கினே?"

"நீங்கதானே போதும்னீங்க? நான் வந்து பத்து நிமிஷம் ஆச்சே."

போதும் என்று சொன்ன நினைவு அவருக்கு இல்லை. ஓட்டுநர் சீட்டில் யாரும் இல்லை. கையிலிருந்த புட்டியில் ஆயில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. குழாயில் மிச்சமிருந்த அழுத்தம் என்று முடிவு செய்து கையைத் துடைத்தார். முடிவு செய்துவிட்டால் அவர் மறுபரிசீலனை செய்கிற ஆள் இல்லை.

அவர் வண்டியில் கம்பளம் புத்தம் புதிது, அரக்குச் சிவப்பு. இழைகளை ஒரே திசையில் பிரஷ் செய்து வைத்திருந்தார், விரல் வைத்தால்கூடத் தடம் தெரியும். மறுநாள் காலை பக்கத்து சீட்டுக்கு முன்னால் ஒரு தடம் இருந்தது. வலது பாதம். மனைவியைத் திட்டிவிட்டு பிரஷ் செய்தார். அவள் பாதம் அத்தனை நீளமில்லை என்பது பிரஷ்ஷை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வெயில் சுளீரென்று அடிக்க, மனைவியை ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலைக்குப் போனார். வீட்டுக்கு மேலே அது குன்றைச் சுற்றி ஏறி, மறுபக்கம் ஏழு வளைவுகளில் இறங்கும். சூடான சீட்டுத் தோலின் வாசனையும் புது ஆயிலின் வாசனையும் கலந்து அவருக்கு ஒரு மிதப்பைக் கொடுத்தன. முதல் வளைவில் வேண்டுமென்றே வேகம் எடுத்தார். ஸ்ஸ். மனைவி காலை ஊன்றினாள். வண்டி குழைந்து, அடங்கி, வளைவை வழுக்காமல் எடுத்தது.

"பார்த்தியா பிரேக்கை?" என்றார்.

சொன்ன வாய் மூடவில்லை. அவருடைய கால் இன்னும் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது.

இரண்டாவது வளைவு. அதே கதை. வேண்டுமென்றே பிரேக்கைத் தொடாமல் இருந்தார். அவள் ஊன்றினாள், வண்டி அடங்கியது. முப்பத்தோரு வருடம் கேலி செய்த கால் அது. அவருக்குப் பயத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது.

"ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி வை."

"எதுக்குங்க?"

"வைன்னா வை!"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது வளைவு நெருங்கியது. அவர் மிதியைத் தொட்டார், கல்லாக இருந்தது. ஏற்கெனவே யாரோ மிதித்துப் பிடித்திருக்கும்போது இருக்கிற கெட்டி. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து 'ஸ்ஸ்' என்றது. வண்டி தானாக அடங்கியது. பூஸ்டர் காற்றை இழுக்கிற சத்தம்தான் என்று சொல்லிக்கொண்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ பாருங்க."

அவர் பார்க்கவில்லை. அவள் வண்டியை ஓரம்கட்டச் சொல்லி, வெறுங்காலோடு இறங்கி, கொதிக்கும் தாரில் நின்றாள்.

"நான் நடந்தே வீட்டுக்குப் போறேன். நீங்களும் இறங்கிடுங்க."

"பைத்தியமாடி உனக்கு?"

"வண்டி நின்னது உங்களால இல்ல. யாரோ பாவம், இன்னும் விடாம மிதிச்சுக்கிட்டு இருக்காங்க." அவள் கண்ணில் நீர் முட்டியது. "இறங்க மாட்டீங்கன்னா போங்க. ஆனா அவங்களை ஒண்ணும் சொல்லிடாதீங்க. என்னைப் பேசற மாதிரி பேசிடாதீங்க."

அவர் கதவை எட்டி இழுத்துச் சாத்தினார். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நடுரோட்டில் வண்டியை விட்டுவிட்டுப் போகிற ஜென்மம் அவர் இல்லை. அவளுடைய செருப்புகள் கம்பளத்தின் ஓரத்தில் கிடந்தன. அவற்றுக்கு நடுவே இருந்ததை அவர் பார்க்காமல் கியரைப் போட்டார்.

நான்காவது வளைவு. ஸ்ஸ். வண்டி ஊர்ந்தது. எதிரே வந்த சைக்கிள்காரன் இவரை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான். ஐந்தாவது. இறக்கம் செங்குத்தானது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்து முந்திக்கொண்டது, உள்ளே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர் வண்டியில், அவர் பொருத்திய பிரேக்கில், அவர் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். எந்த வளைவில் எவ்வளவு அடங்க வேண்டும் என்று ஓட்டத் தெரியாத ஒருத்தி முடிவு செய்துகொண்டிருந்தாள். காலி சீட்டிலிருந்து மூச்சு வாடை வந்தது. மருந்து கலந்த, பழைய, பொறுமையான வாடை. கழுத்து முடி நட்டுக்கொண்டது. அந்தப் பயமே அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

ஆறாவது வளைவு முடிந்து நேரான நீண்ட இறக்கம். அதன் முடிவில் கடைசி வளைவு, அதற்கப்பால் வெறும் வானம்.

அவர் பக்கத்து சீட்டின் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"காலை எடு."

முப்பத்தோரு வருடத்து அதே குரல்.

"அங்க பிரேக் கிடையாது."

ஸ்ஸ் சத்தம் நின்றது.

வண்டி லேசானது. சக்கரங்கள் அவிழ்த்துவிட்டது போல் ஓடத் தொடங்கின. அவர் மிதித்தார். மிதி தரை வரை போய் இடித்தது. மறுபடி மிதித்தார். தரை. மறுபடி. தரை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கையோடு சும்மா வந்தது.

அப்போதுதான் பார்த்தார்.

ஒரு ஜோடி செருப்பு. நடுவில் ஆழமாகப் பதிந்த வலது பாதம். அழுந்திக் கிடந்த சிவப்பு இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன. அவசரமில்லாமல். முதலில் விரல்கள் இருந்த இடம். பிறகு நடுப்பாதம்.

"மிதி," என்றார். "அம்மா, மிதிங்க. மிதிங்கம்மா."

குதிகாலும் எழுந்தது.

கம்பளம் புதிதாக இருந்தது. வளைவு வந்தது.