காணாமல் போன இரண்டு கேப்சூல்கள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பீட்டர் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஜெயம்மாள் வீட்டுக்கு வந்து, உட்காருவதற்கு முன்பே பையைத் தரையில் கொட்டினான். காலி மாத்திரை அட்டை ஒன்று, ஆஸ்பத்திரி நோட்டு ஒன்று, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், தலைவலித் தைலம். தன் மனைவி ஷாரோனின் உயிருக்கு யாரோ உலை வைக்கிறார்கள் என்பதற்கு அவன் திரட்டிய சாட்சியங்கள் இவ்வளவுதான்.

ஜெயம்மாள் முப்பத்து நான்கு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். உத்திரமேரூரில் ஆடோ நகையோ தூக்கமோ காணாமல் போனால், போலீசுக்குப் போவதற்கு முன்னால் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது வழக்கம். போலீஸ் கத்தும், சிஸ்டர் கத்த மாட்டாள். அவளுக்கு உதவியாளராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவன் ஷேர் ஆட்டோ ஓட்டும் வேதகிரி. வயது நாற்பத்தாறு. எந்த வழக்கிலும் முதல் இரண்டு நிமிஷத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். இதுவரை பதினோரு வழக்கு. ஒன்றில்கூட அவன் சொன்ன ஆள் இல்லை. அதற்காக அவன் மனம் தளர்ந்ததும் இல்லை.

"ஆறு மாசம் புள்ளத்தாச்சி சிஸ்டர் அவ" என்றான் பீட்டர். "செவ்வாக்கெழம காலைல ஒடம்பெல்லாம் தடிச்சி, ஒதடு இட்லியாட்டம் வீங்கி, மூச்சு வுட முடில. தூக்கிக்கினு ஓடுனோம். ஊசி போட்டு பொயைக்க வெச்சாங்க. புதன்கெழம சாய்ந்தரம் வூட்டுக்கு இட்டாந்தோம். வியாழக்கெழம காலைல மறுபடியும் அதே மாரி. இன்னும் ஜாஸ்தி. இன்னிக்கு விடிகாலைலதான் வூட்டுல வுட்டுட்டு வரேன். டாக்டரம்மா சொல்றாங்க, மூணாவது வாட்டி வந்தா இங்க இட்டாரதுக்குள்ள..."

மிச்சத்தை விழுங்கிவிட்டு அவன் நோட்டை எடுத்து நீட்டினான்.

ஜெயம்மாள் நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தது: பென்சிலின் ஆகாது.

"சின்ன வயசுல ஹாஸ்டல்ல ஒரு ஊசி போட்டு இதே மாரி ஆச்சாம்" என்றான் பீட்டர். "இப்பவும் டாக்டரம்மா அதத்தான் சொல்றாங்க. அந்த மருந்து எப்பிடியோ உள்ள போயிருக்கு, இன்னான்னு கண்டுபுடிங்கன்னு. நாங்க யாரும் குடுக்கல சிஸ்டர். கீதா மெடிக்கல்லதான் மாத்தி குடுத்துட்டாங்க. தொண்டை வலிக்கு எழுதின மாத்திரை அங்கதான் வாங்கினேன். சாய்ந்தரம் அஞ்சு மணிக்கு முப்பது பேரு ஸ்டேஷன்ல மனு குடுக்கப் போறோம்."

"கேஸு முடிஞ்சிது சிஸ்டர்" என்றான் வேதகிரி. "கீதாதான்."

ஜெயம்மாள் காலி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இது அசித்ரோமைசின். வேற குடும்பத்து மருந்து. பென்சிலின் ஆகாதவங்களுக்குன்னே எழுதறது. என்னிக்கு முடிச்சா?"

"போன வாரமே."

"செவ்வாயும் வியாழனும் வேற மாத்திரை?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப கீதா ஏன் ஸ்டேஷனுக்குப் போகணும்? ரெண்டு நாளும் காலைல ஷாரோன் என்ன சாப்ட்டா?"

பீட்டர் விரல் விட்டு எண்ணினான். கடை இட்லி, சட்னி, அவனும் தின்றான். ஒரு டம்ளர் பால். அவன் அம்மா ஆண்டாளம்மாளும் குடித்தாள். வழக்கமாக அவர்கள் பால் வாங்குவதில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து பெரிய வீட்டு ராணியம்மாள் தினமும் காலையில் ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்புகிறாள், பிள்ளைத்தாச்சிக்கென்று. ஆண்டாளம்மாள் அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுகிறவள். மெடிக்கல் கடை கீதா, ராணியம்மாளின் மருமகள். ஊரே இப்படித்தான், ஒரு நூலை இழுத்தால் நாலு வீட்டுத் துணி அவிழும்.

ஒன்பதரை மணிக்கு வேதகிரியின் ஆட்டோ ஏரியைச் சுற்றிக்கொண்டு காலனிக்குள் போய் நின்றது. ஷாரோன் பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கழுத்தில் இன்னும் தடிப்பு மறையவில்லை. பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி மூச்சு வாங்கினாள். அந்த மூச்சு ஒவ்வொன்றையும் பீட்டர் எண்ணுவது போல் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேதகிரி அனுமதி கேட்காமல் சோதனையில் இறங்கினான். அரிசிப் பானைக்குள் கைவிட்டான், தலையணையை மோந்து பார்த்தான். கடைசியில் மாதா படத்துக்குப் பின்னால் கையை நுழைத்தவன் ஒரு அட்டையோடு திரும்பினான். சிவப்பும் மஞ்சளுமான கேப்சூல்கள்.

ஜெயம்மாள் பெயரைப் படித்தாள். அமாக்ஸிசிலின்.

"அது என்துதாம்மா" என்றாள் ஆண்டாளம்மாள். "ரெண்டு மாசம் முன்னாடி பல்லு புடுங்கினப்ப குடுத்தாங்க. மூணு வேளையும் ஒண்ணொண்ணா அஞ்சு நாளு. ரெண்டு நாள்லயே வலி நின்னுடிச்சி, வுட்டுட்டேன்."

"பதினஞ்சுல ஆறு போனா ஒம்போது" என்றான் வேதகிரி. அட்டையைத் தூக்கிக் காட்டினான். "இங்க ஏயுதான் கீது. ரெண்டு கொறையுது. ரெண்டு வாட்டி மூச்சு முட்டிச்சி. சிஸ்டர், நான் இன்னா சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள் ஜெயம்மாள்.

ஆனால் அது காதில் விழுந்தாகிவிட்டது. பீட்டர் மெதுவாகத் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாடா பாக்குற?" ஆண்டாளம்மாளின் குரல் உடைந்தது. "என் பேரப்புள்ள வவுத்துல கீதுடா! நானாடா குடுப்பேன்?" அவள் நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். இடது குதிகாலில் சுண்ணாம்பை மிதித்தது போல் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. போனவள் அங்கிருந்தே அழுதாள். "இந்த வூட்டுக்கு எவ கண்ணு பட்டுதோ! ரெண்டு நாளா ஒற ஊத்தினாகூட பாலு ஒறைய மாட்டேங்குது. நேத்து பக்கத்து வூட்டுல புது மோரு வாங்கி ஊத்தினேன். தண்ணியாவே கீது!"

ஜெயம்மாள் எழுந்து போய் அந்தச் சட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு அன்றைக்கு வந்த தூக்குவாளியில் பாக்கியிருந்த பாலை முழுக்க ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள். பக்கத்து வீட்டு மோரிலும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

"ஷாரோன், நான் சொல்ற வரைக்கும் கஞ்சிதான். நீயே வடி, நீயே உப்பு போடு. பால் வேணாம். பீட்டர், நாலு மணிக்கு அம்மாவோட என் வீட்டுக்கு வா. வேதகிரி, நீ பெரிய வீட்டுக்குப் போய் மாட்டுக் கொட்டாய சுத்திப் பாத்துட்டு வா. யாரையும் குத்தவாளின்னு சொல்லாம வா."

அது வேதகிரிக்குக் கஷ்டமான வேலைதான். மத்தியானம் அவன் அறிக்கை கொடுத்தான்: பெரிய வீட்டில் மாடு மூன்று. ஒரு சிவப்பு மாட்டைத் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். மடி கல் மாதிரி வீங்கியிருக்கிறது. எருக்குழியில் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், ஊசி மாதிரி நீண்ட மூக்கோடு. "பஞ்சர் ஒட்டுற பசை ட்யூப்புனு நெனைக்கிறேன் சிஸ்டர். எதுக்கும் கயுவி எடுத்தாந்தேன்." சாட்சியத்தைக் கழுவிக்கொண்டு வந்த துப்பறிவாளன் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான். "ராணிம்மாவும் மருமகளும் நாலு மணிக்கு வராங்க. 'என் மருமவள எவன் திருடின்றான்னு பாக்கறேன்'னாங்க. திருடின்னு யாருமே சொல்லல சிஸ்டர்."

நாலு மணிக்கு ஜெயம்மாள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். ராணியம்மாளும் கீதாவும் நாற்காலியில். பீட்டர் கதவோரம். ஆண்டாளம்மாள் தரையில், மகனிடமிருந்து மூன்று முழம் தள்ளி. மேஜைமேல் இரண்டு டம்ளர்கள் மூடியிருந்தன.

"பத்தரை மணிக்கு ரெண்டுலயும் பாலைக் காய்ச்சி ஊத்தி, ஒரே மோர்ல உறை குத்தினேன்" என்றாள் ஜெயம்மாள். "ஒண்ணு பாக்கெட் பால். இன்னொண்ணு ஷாரோனுக்கு வந்த பால். வேதகிரி, சாய்ச்சிப் பாரு."

முதல் டம்ளர் சாய்ந்தது, தயிர் அசையவில்லை. இரண்டாவது டம்ளர் சாய்ந்தது. வேதகிரியின் சட்டையெல்லாம் பால்.

"எங்க மாட்டுப் பாலு சுத்தமான பாலு!" என்றாள் ராணியம்மாள்.

"சுத்தம்தான். மோர்ல இருக்கற கிருமிதான் பாலைத் தயிராக்குது. அந்தக் கிருமியையும் கொல்ற ஏதோ ஒண்ணு இந்தப் பால்ல இருக்கு." அவள் பிளாஸ்டிக் குழாயை எடுத்து வைத்தாள். "மடி வீக்கத்துக்குக் காம்பு வழியா ஏத்தற மருந்து. லேபிள்ல பேரு இருக்கு. கீதா, நீ படி."

கீதா வாங்கிப் படித்தாள். "அமாக்ஸிசிலின்... அத்தை, இது பென்சிலின் குடும்பம்."

"நல்ல மருந்துதான்" என்றாள் ஜெயம்மாள். "தொண்டை, காது, பல்லுல கிருமி சேந்தா மனுஷங்களுக்கும் இதத்தான் குடுக்கறோம். சும்மா சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் கேக்காது. புள்ளத்தாச்சிங்களுக்கே டாக்டருங்க எழுதுவாங்க. ஆனா ஆகாத ஒருத்தருக்குத் துளி போனாலும் மூச்சை அடைச்சிடும். ஆண்டாளம்மா குடிச்சா ஒண்ணும் ஆகல. ஷாரோனுக்கு உயிரு போகப் பாத்துது. ராணிம்மா, மாட்டு டாக்டர் என்ன சொன்னாரு?"

ராணியம்மாள் முந்தானையை முறுக்கினாள். "மருந்து முடிஞ்சி நாலு நாளு வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்கன்னாரு. யாருக்கும்னா, பால் சொசைட்டிக்குன்னு நெனச்சேன். அங்கதான் மிசினு வெச்சி கண்டுபுடிப்பாங்க. அதுக்காக பாலக் கீழ ஊத்த முடியுமா? பாவமில்ல? நல்லா காய்ச்சினா எல்லாம் போயிடும், புள்ளத்தாச்சிப் பொண்ணு குடிக்கட்டுமேன்னு..."

"காய்ச்சினா முழுசாப் போகாது. உங்க வீட்ல இந்த நாலு நாளும் எந்தப் பால் குடிச்சீங்க?"



"கறுப்பு மாட்டுப் பாலு" என்றாள் ராணியம்மாள்.

வேதகிரியால் பொறுக்க முடியவில்லை. "அந்த ரெண்டு கேப்சூலு சிஸ்டர்?"

"ஆண்டாளம்மா, காலைக் காட்டு."

ஆண்டாளம்மாள் வெட்கத்தோடு குதிகாலைக் காட்டினாள். "வெடிப்புக்கு ஒடைச்சி பொடிய போட்டேம்மா. சீக்கிரம் ஆறும்னாங்க."

"ஆறாது. பாதியில நிறுத்தினதும் தப்பு, மிச்சம் வெச்சதும் தப்பு. இவ்ளோ ஆகாத பொண்ணு இருக்கற வீட்ல அந்தப் பொடி பறந்தாலே ஆபத்து. கழுவிடு."

பீட்டர் வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஆண்டாளம்மாள் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். சமாதானம் ஆகிவிட்டது.

கீதா மட்டும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை" என்றாள் மெதுவாக. "இன்னிக்கு மத்தியானம் அஞ்சு லிட்டரு பால வெச்சி கோவா கிண்டினீங்களே. அது எந்த மாட்டுப் பாலு?"

"செவப்பு..." என்று ஆரம்பித்த ராணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க அது?" ஜெயம்மாள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. பதினோரு வழக்கில் வேதகிரி அதைப் பார்த்ததில்லை.

"டப்பால போட்டு... மூணு மணிக்கு ஆள் கிட்ட குடுத்தனுப்பிட்டேன். ஷாரோனுக்கு."

"போன் போடு பீட்டர்!"

"வூட்டுக்கே ஒரு போனுதான் சிஸ்டர்." அவன் கையிலேயே இருந்த போனைப் பார்த்தான். "இதுதான்."

பால் வேண்டாம் என்று ஜெயம்மாள் சொல்லியிருந்தாள். கோவாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அஞ்சு லிட்டர் சுண்டி ஒரு டப்பா. தண்ணீர்தான் ஆவியாகும், மருந்து தங்கும்.

ஆட்டோவில் ஏறும்போதே ஜெயம்மாள் 108க்குச் சொல்லிவிட்டாள். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் ராணியம்மாள்; அவளை யாரும் கூப்பிடவில்லை. ஏரிக்கரையில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வேதகிரி ஹாரனை அடித்தான். ஆடுகள் அவனை நின்று பார்த்தன. அவன் கத்திய கத்தலில் ஆடுகளைவிட மேய்ப்பவர்தான் முதலில் ஓடினார். பீட்டர் 'ஏசப்பா, ஏசப்பா' என்பதைத் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. ராணியம்மாள் கைகூப்பி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் கேட்டால் போதும் என்று வேதகிரி ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

ஷாரோன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா.

"சாப்ட்டியா?" பீட்டர் ஓடிக்கொண்டே கத்தினான். "ஷாரோன், துன்னியா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை. டப்பாவின் மூடிமேல் போட்ட ரப்பர் பேண்டு போட்டபடியே இருந்தது.

ஜெயம்மாள் மண்டியிட்டு அவள் நாடியைப் பிடித்தாள். அரை நிமிஷம் கழித்துத்தான் கேட்டாள். "ஏம்மா துன்னல?"

"ரெண்டு வாட்டியும் இவங்க வூட்டுத் தூக்கு வந்த அப்பறம்தான் மூச்சு முட்டிச்சி சிஸ்டர். ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்பவே தோணிச்சி."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"பெரிய வூட்டுப் பாலுதான் காரணம்னு நான் சொன்னா, அத்தைக்கு நாளைக்கு வேல இருக்குமா?" அவள் ராணியம்மாளைப் பார்க்கவில்லை. "அத்த வரட்டும்னு ஒக்காந்துக்கினு இருந்தேன். அவங்க வந்து 'அம்மா ஆசையா குடுத்தாங்க, துன்னுடி'ன்னு சொன்னா துன்னுதான் ஆவணும்."

ஆண்டாளம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பிறகு, முப்பது வருஷப் பழக்கம், உள்ளே ஓடிப் போய் ராணியம்மாளுக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

"நீ ஒக்காரு அத்த" என்றாள் ஷாரோன்.

ஆண்டாளம்மாள் உட்காரவில்லை. ராணியம்மாளும் உட்காரவில்லை. நாற்காலி நடுத்தெருவில் நின்றது. கடைசியில் அதில் விழுந்தவன் வேதகிரிதான்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது காலனியே கூடிவிட்டது. இறங்கிய பையன் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த வேதகிரியின் கையைப் பிடித்து பிரஷர் பார்க்கப் போனான். ஜெயம்மாள் அவனை ஷாரோன் பக்கம் திருப்பினாள். அவன் படிவத்தை எடுத்தான்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி வந்திருக்குல்ல? அப்ப இன்னா சாப்ட்டாங்க?"

"பாலு" என்றாள் ஷாரோன்.

"யாரு குடுத்தது?"

பீட்டர் அம்மாவைப் பார்த்தான். ஆண்டாளம்மாள் தரையைப் பார்த்தாள்.

ராணியம்மாள் ஷாரோனின் மடியிலிருந்து டப்பாவை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள், கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "குடுக்காதன்னு டாக்டரு சொல்லியும் குடுத்தேன். அத எழுதிக்கோ."