கம்பிக்கும் நெற்றிக்கும் நடுவே

"ஏங்க... அந்தக் குடையக் கொஞ்சம் அந்தாண்ட வெச்சுக்கிறீங்களா?"

தெலுங்கில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டாள் கன்னிகா. பக்கத்து சீட்டுக்காரன் அசையவில்லை. மூன்றாவது முறை கோபத்தில் வீட்டுத் தமிழ் தானாக வந்துவிட்டது.

அவன் திரும்பினான். சிவந்த கண்கள்... எத்தனையோ நாள் தூக்கத்தைக் கடன் வைத்திருக்கும் கண்கள். ஆனால் அவற்றின் ஓரத்தில் ஒரு சிரிப்பு மட்டும் தூங்காமல் விழித்திருந்தது.

"நம்ம ஊர் பேச்சா..." என்றான். "பையில இன்னாங்க, வெடிகுண்டா? இப்டிக் கட்டிப் புடிச்சுக்கினு வரீங்க?"

"அதைவிட மோசம். என் வேல."

"அப்போ நனையக் கூடாது."

சொட்டும் குடையை எடுத்துத் தன் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டான். பேன்ட் முழங்கால் வரை நனைந்தது. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ். காலை மழை கண்ணாடியில் கோடு கோடாக வழிந்தது. கன்னிகாவின் மடியில் இருந்த பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு டிஸ்க். அவள் வேலை செய்யும் மாம்பழக் கூழ் கம்பெனிக்குத் தொழிற்சாலை சித்தூரில், ஆபீஸ் திருப்பதியில். மெயில் சர்வர் ஆபீசில் இருந்தால் அதன் பேக்கப் தொழிற்சாலையில்தான் இருக்க வேண்டும் என்பது பெரிய முதலாளி வைத்த வழக்கம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் போகும்போது இரண்டும் சேர்ந்து போய்விடுமாம். வாரா வாரம் கன்னிகா பஸ்ஸில் அந்த டிஸ்க்கைச் சுமந்துகொண்டு போய்வருவாள்.

இப்போது சர்வர் செத்துவிட்டது. வெளிநாட்டு வியாபாரிகளின் ஆர்டரும் ஒப்புதலும் எல்லாம் அதோடு போயிருந்தன. பேக்கப் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தவள் தொழிற்சாலையில் டிஸ்க்கைச் செருகிப் பார்த்தாள். எந்தக் கோப்பைத் தொட்டாலும் சிவப்புக் கட்டம்... அனுமதி மறுக்கப்பட்டது.

சின்ன முதலாளி சுனில் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. சாயங்காலத்துக்குள் மெயில் வராவிட்டால் நாளையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகத் தெலுங்கில் மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். புத்தூரில் அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா ஜெகநாதன் போட்டிருக்கும் நிபந்தனையும் அதுதான். வேலை இருக்கிற வரைக்கும் அவள் இஷ்டம். வேலை போனால் வீட்டோடு இருந்துவிட வேண்டும். மாமன் மகன் தயாராக இருக்கிறான்.

நினைக்க நினைக்க அலுப்பாக இருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

டங்.

பக்கத்து சீட்டுக்காரன் தூங்கிப் போயிருந்தான். பஸ் குழியில் இறங்கியபோது அவன் நெற்றி முன் சீட்டுக் கம்பியில் போய் இடித்தது. முழிக்கவில்லை. மறுபடியும் டங். நெற்றியில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. இந்த ஆளுக்கு வலிக்காதா...

மூன்றாவது குழி வருமுன் அவள் கை தானாக நீண்டு கம்பியின்மேல் படிந்தது. அடுத்த நொடி அவன் நெற்றி அவள் புறங்கையில் வந்து இறங்கியது. சூடாக, கனமாக... ஒரு குழந்தையின் தலையைப் போல.

எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். பூதலப்பட்டு தாண்டட்டும் என்று நினைத்தாள். சந்திரகிரி வந்தபோது கை மரத்தே போயிருந்தது.

திருப்பதியில் அவன் எழுந்தான். குடையை எடுத்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டான். திமிரைப் பாரு, என்று கையை உதறிக்கொண்டாள் கன்னிகா.

ஆபீசில் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, சர்வரைப் பார்க்க சர்வீஸ் கம்பெனி அனுப்பிய ஆள் உள்ளே வந்தான். கையில் அதே குடை. நெற்றியில் அதே சிவப்புக் கோடு.

அவன் பார்வை மேஜைமேல் இருந்த டிஸ்க்குக்குப் போனது.

"வெடிகுண்டு இதானா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பெயர் தேவேந்திரன். ஊர் நாகலாபுரம். சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரி சர்வரை இரவு பகலாகச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்குப் போக இருந்தவனை அப்படியே இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். சுவரில் சாய்ந்தால் தூங்கிவிடுவானோ என்று தோன்றியது. ஆனால் விரல்கள் மட்டும் சோர்வில்லாமல் ஓடின. புது டிஸ்க் பொருத்தி, அதில் சர்வரை எழுப்பிவிட்டுப் பேக்கப்பைத் திறந்தான். அதே சிவப்புக் கட்டம்.

"கிருஷ்ணப்பா யாரு?"

"எனக்கு முன்னாடி இங்க கம்ப்யூட்டர் பாத்துக்கினு இருந்தவரு. ரிடையர் ஆயி பெங்களூர்ல மகன் வூட்ல கீறாரு. சால்வ போட்ட அன்னிக்கே அவர் அக்கவுண்ட எடுத்துடச் சொன்னாங்க. அழிச்சுட்டேன்."

"பேக்கப் மொத்தமும் அவர் பேர்ல ஓடிக்கினு இருந்திச்சு. அப்போ இப்ப இங்க கீற கிருஷ்ணப்பா?"

கன்னிகா தயங்கினாள். "அழிச்ச ராத்திரியே பேக்கப் நின்னுடுச்சி. அதான் அதே பேர்ல புதுசா ஒண்ணு உண்டாக்கினேன். மறுபடியும் ஓடிச்சு. ஒரு குறையும் காட்டல."

அவன் நாற்காலியில் சாய்ந்தான். பிறகு அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கினான். சர்வர் ஆளைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளுக்குள் ஓர் எண் உண்டு. டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் பழைய கிருஷ்ணப்பாவின் எண் அவரோடு போய்விட்டது. புது கிருஷ்ணப்பா டிஸ்க்கில் கோப்புகளை வைக்கலாம், எடுத்துத் திறக்க முடியாது. பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கும் நிஜ கிருஷ்ணப்பாவே வந்து பாஸ்வேர்டு போட்டாலும் இனி அது திறக்காது.

"எங்க வூட்ல தாத்தா பேரப் பேரனுக்கு வெச்சா, அவரே வந்துட்டாருன்னு சொல்லுவாங்க..." என்றாள் கன்னிகா, தனக்குத்தானே சொல்வது போல.

"கம்ப்யூட்டருக்கு ஒறவுமொற தெரியாதுங்க."

சிரித்துவிட்டான். களைத்துப்போன, அடக்க முடியாத சிரிப்பு. அவளுக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து சுனில் கதவருகே வந்து நின்றார். என்ன கோளாறு என்று கேட்டார். விஷயம் தெரியாத யாரோ அக்கவுண்டைக் குழப்பிவிட்டிருக்கிறார்கள் என்று தேவேந்திரன் தெலுங்கில் சொல்லி அனுப்பினான்.

விஷயம் தெரியாத யாரோ.

"நீங்க போலாம்," என்றாள் கன்னிகா. "மீதிய நான் பாத்துக்கிறேன்."

அவன் அவளையே பார்த்தான். குடையை எடுத்துக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணுங்க. இன்னொரு காப்பி எடுக்காம இந்த டிஸ்க் மேல கைய வெக்காதீங்க." போய்விட்டான்.

வழி அவளுக்கும் தெரியும். சர்வரின் தலைமைக் கணக்கில் நுழைந்து, கோப்புகளின் உரிமையைத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பி எடுத்தால் மத்தியானம் தாண்டிவிடும். சாயங்காலம் என்று கெடு. ஒட்டுமொத்த டிஸ்க்குக்கும் ஒரே அடியாக மாற்றச் சொல்லும் சின்னக் கட்டத்தில் டிக் அடித்தாள். பொத்தானின்மேல் விரலை வைத்தாள். அவன் இல்லாமலே முடித்துக் காட்டினால்...

விளக்கு அணைந்து எரிந்தது. மூலையில் யூபிஎஸ் கிய்யோ கிய்யோ என்று கத்தியது. வெளியே மழை வலுத்திருந்தது.

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. பாதியில் கரண்ட் போனால்? இருப்பது இந்த ஒரே டிஸ்க். எல்லாப் பூட்டையும் ஒன்றாக உடைத்தால் முதலாளியின் மெயிலைக் கிடங்குக்காரர் படிக்கிற நிலையும் வரலாம். இதையெல்லாம்தான் அவன் சொல்லாமல் சொன்னானோ?

தனக்கு வந்திருப்பது தைரியம் இல்லை, ரோஷம். அது தெரிந்ததும் ஏனோ இன்னும் சோர்வாக இருந்தது. டிக்கை எடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

எதிர் டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"ஏங்க..."

கண் திறந்தான்.

"கைய வெக்கல. வாங்க."

அவன் எழுந்தான். படியேறும்போது மெதுவாகச் சொன்னான். "சிரிச்சது தப்புங்க. யாரோன்னு சொன்னது, உங்க பேரச் சொன்னா உங்களக் கேப்பாங்கன்னுதான். போயிருக்கணும். பஸ்ஸு கூட வந்திச்சு. இங்கயே உக்காந்துட்டேன்."

கன்னிகா முன்னால் படியேறினாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு பூட்டு தளர்ந்தது.

முதலில் காப்பி. அது ஓடும்வரை அவன் மேஜையில் தலை வைத்துத் தூங்கினான், அவள் திரையைக் காவல் காத்தாள். பிறகு காப்பியில் மட்டும் உரிமையை மாற்றி, ஒரே ஒரு மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். கிருஷ்ணப்பாவின் பெட்டி. திறந்தது. அதன்பின் ஒவ்வொன்றாக. மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவது போல மெயில்கள் வந்துகொண்டே இருந்தன... சிவப்புக் கட்டம் வரவில்லை.

கெடு முடிவதற்குள் சுனில் வந்தார். வியாபாரிகளின் ஒப்புதல் மெயிலைப் பார்த்து மூச்சு விட்டார். பிறகு, குழப்பியது யார் என்று கேட்டார். தேவேந்திரன் வாயெடுக்குமுன் கன்னிகா எழுந்து நின்றாள்.

"நான்தான் சார். அழிச்சதும் நான்தான். அதே பேர்ல புதுசு போட்டதும் நான்தான்." தெலுங்கில் தடுமாறாமல் சொன்னாள்.

சுனில் அவளைப் பார்த்தார். மெயிலைப் பார்த்தார். பேக்கப் எடுத்தால் போதாது, மாசத்துக்கு ஒரு முறை திறந்தும் பார்க்கச் சொன்னார். மாம்பழ சீசன் முடிகிறவரை லீவு கேட்காதே என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கன்னிகாவுக்கு அழுகை வந்தது. தேவேந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மழையைப் பார்த்தான்.

சத்தியவேடு போகும் பஸ். வழியில் அவளுக்குப் புத்தூர், அதையும் தாண்டி அவனுக்கு நாகலாபுரம். இந்த முறை குடையை அவளே வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். வடமாலைப்பேட்டை விளக்குகள் மழையில் கரைந்து பின்னால் போயின.

"காலையில..." என்றான். "கம்பி மேல ஒரு கை இருந்திச்சு."

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். கன்னம் சுட்டது.

"தூங்கிக்கினு இருந்தீங்களே..."

"பூதலப்பட்டுலயே முழிச்சுட்டேன்."

"அப்போ ஏன் தலைய எடுக்கல?"

"எடுத்தா கைய எடுத்துடுவீங்களே..."

சக்கரங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின.

"திரும்பிக்கூடப் பாக்காம எறங்கிப் போனீங்க. திமிர் புடிச்ச ஆளுன்னு நெனச்சேன்."

"பாத்திருந்தா சொல்லியிருப்பேன். சண்ட போட்ட பொண்ணுகிட்ட இன்னான்னு சொல்றதுன்னு தெரியல. இப்பவும் தெரியல." அவன் குரல் தாழ்ந்தது. "ஊர் ஊராப் போறேன், கெடச்ச எடத்துல தூங்குறேன். எந்தக் கம்பியில இடிச்சாலும் யாரும் பாக்க மாட்டாங்க. நீங்க பாத்தீங்க. தூங்குறவன்னு நெனச்சு வெச்ச கை... முழிச்சுக்கினு இருக்கிறவனுக்கும் கெடைக்குமாங்க?"

கன்னிகா போனை எடுத்துப் பார்த்தாள். நைனாவின் தவறிய அழைப்பு மினுங்கியது. வேலை போகவில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அவள் இஷ்டம் என்று அவர் சொன்ன வார்த்தையையும் நினைவுபடுத்த வேண்டும்.

"ஞாயித்துக்கெழம புத்தூருக்கு வாங்க," என்றாள். "நைனா தோட்டத்து ஆளு. கம்ப்யூட்டர் வேலன்னா நம்ப மாட்டாரு. கஷ்டப்பட்டுத்தான் பேசணும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் கை நீண்டு, முன் சீட்டுக் கம்பியின்மேல் படிந்தது.

"புத்தூருக்கு இன்னும் நேரம் கீது," என்றாள், அவனைப் பார்க்காமல். "தூங்குங்க..."