மூன்றாவது கையெழுத்து

காலை ஏழு மணிக்கே எல்லோரும் குளித்து, இருப்பதில் நல்ல துணியாகப் பார்த்து உடுத்தி நின்றார்கள். பதினொரு மணிக்கு வீட்டுப் பத்திரப் பதிவு. மருமகள் மட்டும் நேற்றைய துணியோடு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“நான் வரல. நீங்களும் போகக் கூடாது.”

“கேட்டீங்களா மாப்பிள்ளை!” மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “சொந்த வீடு வாங்கற அன்னிக்கு... வாயைத் திறந்தாளே மகராசி!”

மாப்பிள்ளை என்பவர் அவளுடைய நாத்தனார் புருஷன். வீட்டைப் பார்த்துக் கொடுத்தவர். எதைக் கேட்டாலும் “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்பார். பிறகு பார்க்கமாட்டார்.

வீடு பார்க்கப் போன அன்று புருஷன் சுவரைத் தட்டிப் பார்த்தான். மாமியார் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மாப்பிள்ளை மொட்டைமாடியில் நின்று காற்று வருகிறதா என்று பார்த்தார். பத்திரத்தைப் புரட்டிப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. விற்பவர்களின் வக்கீலே இவர்களுக்கும் சேர்த்துப் பார்ப்பாராம். எதிரணிக்காரரையே நடுவராக நிறுத்திவிட்டு ஆட்டத்துக்குக் கிளம்பியிருந்தார்கள்.

பதினொரு வருஷம் பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்தே அவள் விரல் காய்த்துப்போயிருந்தது. அந்த விரலில் சேர்ந்ததுதான் இந்த வீட்டுக்கான பாதிப் பணம்.

புருஷன் பல்லைக் கடித்தான். “பத்திரத்துல உன் பேரு இல்லன்னுதானே இந்தக் கூத்து?”

“ஒரே பேருல இருந்தா சுலபம்னு இந்த மாப்பிள்ளை அண்ணன் சொன்னாரு. சரின்னு தலையாட்டினவளே நான்தான்!”

“அப்போ மூணு நாளா மத்தியானத்துல எங்க போயிட்டு வர்ற? கேட்டா வாயில கொழுக்கட்டையா?”

மெஷினிலிருந்து எழுந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்த காகிதங்களை உருவி, அவன் காலடியில் வீசினாள்.

“வக்கீல்கிட்ட போனேன்! நமக்குன்னு ஒரு வக்கீல்! ‘கையெழுத்துக்கு முன்னாடி வந்தா யோசனை சொல்வேன், பின்னாடி வந்தா கூட உக்காந்து அழத்தான் முடியும்’னாரு அந்த மனுஷன். வாரிசுச் சான்றைப் படிங்க. செத்துப்போன வீட்டுச் சொந்தக்காரர் உயில் எழுதல. வாரிசு மூணு பேரு. நம்ம பத்திரத்துல கையெழுத்துப் போடறது ரெண்டு ஆம்பளைங்க. அவரோட பொண்ணு எங்க?”

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். “அது கட்டிக்கொடுத்த பொண்ணும்மா... அதெல்லாம் பாத்துக்கலாம்...”

“எப்போண்ணா? என் பங்கைக் குடுன்னு அவ கேஸ் போட்டப்புறமா? அப்பவும் நாங்க கோர்ட்டுக்கு நடப்போம், நீங்க மாடியில காத்து வாங்குவீங்க!”

“ஏய்! பெரியவங்ககிட்ட என்ன பேச்சு!” புருஷன் கையை ஓங்கிவிட்டான்.

“கையை இறக்குடா.”

சொன்னது மாமியார். சத்தமே இல்லாத குரல். தரையில் கிடந்த காகிதத்தை எடுத்து, மூன்றாவது பெயரின்மேல் விரலை வைத்திருந்தாள்.

“இந்தப் பொண்ணை நீ பாத்தியா?”

“நேத்து போய்ப் பாத்தேன் அத்தை. வீடு விக்கறதே அவளுக்குத் தெரியாது. ‘என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே’ன்னு... அழுதா.”

மாமியார் காகிதத்தை நான்காக மடித்தாள். “எங்கப்பா வீட்டை என் அண்ணன்மாருங்க வித்தது, பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தாண்டி எனக்கே தெரியும்! முப்பது வருஷமாச்சு... இன்னும் ஆறல. அதே பாவத்துல போய் நான் அடுப்பு வெக்கறதா?”

மாப்பிள்ளையைப் பார்த்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவரிடம் குரல் உயர்த்தாதவள்.

“போனைப் போடுங்க. இன்னிக்குப் பதிவு கிடையாது. அந்தப் பொண்ணு அவ பங்கை வாங்கிக்கிட்டு, சம்மதிச்சுக் கையெழுத்துப் போட வந்தா நாங்களும் வரோம். பத்திரத்துல எங்க வீட்டுப் பேரு ரெண்டு இருக்கணும். இவ பேரு முதல்ல!”

மருமகளின் காய்த்த விரலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உடைந்து அழுதாள். அவளும் அழுதாள், ஆனால் கோபம் தீரவில்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற புருஷனிடம் பத்திர நகலை நீட்டினாள்.

“உக்காந்து படிங்க. முதல் பக்கத்துலேர்ந்து. சத்தமா.”

நல்ல சட்டை கசங்க, அவன் தரையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினான்.