ஹமீது ஸ்டோர்ஸின் வெள்ளக்கோடு

ஓகஸ்ட் மாதத்து இரண்டாவது வியாழன் காலை, கண்டி நகரில் மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியிலிருந்த சிறிய அலுவலகத்துக்கு றுமைஸா படியேறி வந்தார். வயது ஐம்பத்தெட்டு. மாவனல்லையில் முப்பது வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஊர் திரும்பியவர். உட்கார்ந்ததும், தன் வாப்பாவின் கடைச் சுவரில் இருந்த கோடு ஒன்று கீழே இறங்கிவிட்டது என்றார்.

அந்த அலுவலகத்தில் தனியார் துப்பறிவாளராக இருந்த யசோதினி சிரிக்கவில்லை. புசல்லாவையில் பிறந்து, காப்புறுதிக் கம்பனியொன்றில் பதினெட்டு வருடம் சேத மதிப்பீடு செய்தவர். எரிந்த கடைகளையும், எரிந்ததாகச் சொல்லப்பட்ட கடைகளையும் நிறையப் பார்த்திருந்தார். அவருக்கு ஆட்டோ ஓட்டும் ஸிபான்தான் உதவியாளனும். மூன்று பிள்ளைகளின் தகப்பனான அவன், எந்த வழக்கிலும் முதல் அரைமணி நேரத்திலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான்.

றுமைஸா விவரம் சொன்னார். கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையோரம் அவருடைய வாப்பா சாஹுல் ஹமீதின் பழைய கடை இருக்கிறது. அந்தக் கரை முழுவதையும் புதிதாக அமைக்கத் திட்டம் வந்திருக்கிறது: கீழே கடைகள், மேலே குடியிருப்புகள், ஆற்றோரம் எல்லாரும் நடக்கப் பூங்கா. எங்கே கட்டலாம், எங்கே திறந்த வெளியாக விட வேண்டும் என்பதைப் பழைய வெள்ளம் ஏறிய உயரம் தீர்மானிக்கும். ஆற்றின் அந்த வளைவுக்கு வேறு பதிவு கிடையாது. ஹமீது ஸ்டோர்ஸின் பின்னறைச் சுவரில், வெள்ளம் வடிந்த வாரமே எழுதுவித்த கோடு மட்டும்தான்.

"இப்ப அது என்ட இடுப்பளவுக்கு ஈக்கி, மிஸ். ஏழு வயசுல நான் கைய நீட்டியும் தொட ஏலாம ஈந்த கோடு."

"சின்ன வயசுல எல்லாமே உயரமாத்தான் தெரியும்."

"எல்லாரும் அதைத்தான் செல்றாங்க. ஆனா கீழ்த்தட்டுல பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் வருது, மிஸ். நான் சின்னப் பிள்ளைகளோடயே வாழ்ந்தவ. எனக்கு நித்திரை இல்ல."

திங்கட்கிழமை பொதுமக்கள் விசாரணை. அதில் கோடு ஏற்றுக்கொள்ளப்பட்டால் பிறகு மாற்ற முடியாது.

அன்று பகலே மூவரும் கட்டுகஸ்தோட்டைக்குப் போனார்கள். பின்னறையில் அரிசி மூட்டைகளின் மணம் இன்னும் இருந்தது. சுவரில் தரையிலிருந்து சரியாக மூன்றடி உயரத்தில் மங்கிய சிவப்புக் கோடு. அதன் மேல், 'வெள்ள எல்லை, 17 ஆகஸ்ட் 1947' என்று எழுதியிருந்தது. யசோதினி அதை நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் ஒரு பெரிய பலா மர அலுமாரி நின்றது. அதன் அகலத்தை அளந்தார், பிறகு அறைக் கதவை அளந்தார். கதவு அலுமாரியைவிட ஐந்து அங்குலம் சிறியது. அலுமாரியைத் திறந்து, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூடினார்.

பின்னறைச் சாவி மூன்று பேரின் கைக்குப் போயிருந்தது. மூவருக்கும் கட்டடம் எழும்பினால் நன்மை இருந்தது.

முதலாமவர் றுமைஸாவின் நானா, மூத்த சகோதரர் ஹாஷிம். சென்னையில் இருபத்தைந்து வருடம் துணி வியாபாரம் செய்து, அது நொடித்துத் திரும்பியவர். பிலிமத்தலாவையில் வாடகைக்கு இருக்கிறார். கட்டடம் வந்தால் அவருக்கு ஒரு வீடு கிடைக்கும். தங்கை கோட்டைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், அவள் அப்போது சிறு பிள்ளை என்று பதில் சொன்னார்.

இரண்டாமவர் கணேஸ். கடையின் முன்பகுதியில் வாடகைக்கு இருந்து பெயர்ப்பலகை எழுதுபவர், ஹேவாஹெட்டைக்காரர். கட்டடத்தில் அவருக்கு ஒரு கடை உண்டு, அந்த நிலம் பூங்காவுக்குள் போனால் ஒன்றும் இல்லை. அவர்கள் போனபோது பழைய தேநீர்க் கடைப் பலகை ஒன்றுக்கு மேலெழுதிக்கொண்டிருந்தார். 'தேயிலை' என்ற சொல்லில் லகரத்துக்கு முன்னால் யானைத் தும்பிக்கை போன்ற பழைய வளைவை அவர் தூரிகை இம்மியும் பிசகாமல் தொடர்ந்தது.

மூன்றாமவர் கட்டடக் கம்பனியின் கள அலுவலர் யோகராஜ். அளவெடுப்பதற்காகச் சாவியை இரண்டு நாள் வைத்திருந்தவர். மிக மரியாதையாகப் பேசினார். ஆனால் தூரிகையும் சிவப்பு மையும் யாரிடம் இருக்கின்றன என்று யோசிக்கும்படி போகிறபோக்கில் சொல்லிவைத்தார். கணேஸோ, யோகராஜ் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததைக் கண்டதாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஸிபான் ஆட்டோவை மெதுவாக்கினான். "கணேஸ் அண்ணன்தான், மிஸ். வேற யாருக்கு இந்த எழுத்து வரும்?"

"அந்த எழுத்துதான் அவரக் காப்பாத்துது, ஸிபான்," என்றார் யசோதினி.

ஞாயிறு பிற்பகல், சாவி வாங்கியிருந்த மூவரையும் பின்னறைக்கு வரவழைத்தார். கோட்டைத் தாம் பார்த்த விதத்தை இரண்டு வரியில் எழுதி, இன்றைய தேதியிட்டுத் தரும்படி கேட்டார். காப்புறுதி வேலையில் பழகிய முறை என்றதும் யாரும் மறுக்கவில்லை. மூன்று தாள்களையும் வாங்கி வாசித்துவிட்டு அலுமாரியைத் திறந்தார்.

"இந்த அலுமாரி கதவால உள்ள வராது, வெளிய போகாது. இந்த அறைக்குள்ளயே வச்சுச் செஞ்சது. வெளிப்பக்கம் பல தடவ பெயின்ட் அடிச்சிருக்காங்க, உள்பக்கம் யாரும் தொடல. பின்பலகையப் பாருங்க."

ஸிபான் டோர்ச்சை உயர்த்தினான். கீழிருந்து மேல்தட்டு வரை மரம் கறுத்து ஊறியிருந்தது. கறுப்பு முடிந்த இடத்தில் ஆற்று மண் மெல்லிய கோடாக ஒட்டியிருந்தது. அளவுநாடா ஐந்தடி நான்கு அங்குலம் காட்டியது.

"தண்ணி வந்த உயரம் இது. அப்படின்னா சுவர்ல இருக்கிற எழுத்து எப்ப எழுதினது? 'எல்லை'ங்கிற சொல்லைப் பாருங்க. நாப்பத்தேழுல எழுதினவரு இந்த லைக்குத் தும்பிக்கை போட்டிருப்பாரு. இது இந்தக் காலத்து லை. கணேஸ் அண்ணன் ஏமாத்த நெனச்சிருந்தா, பழைய எழுத்த அப்படியே எழுதியிருப்பாரு. அந்தப் பழைய எழுத்து கைக்கு மறந்துபோன ஒருத்தர்தான் இத எழுதினது."

யோகராஜ் தன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். யசோதினி மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"இங்க படிச்சு, இங்கயே இருந்தவங்க 'ஓகஸ்ட்'னு எழுதுவோம். கணேஸ் அண்ணனும் யோகராஜும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. சுவர்ல 'ஆகஸ்ட்'னு இருக்கு. சென்னையில அப்படித்தான் எழுதுவாங்க. இந்தத் தாள்லயும் அப்படித்தான் இருக்கு, ஹாஷிம் நானா."

ஹாஷிம் தன் தாளைப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் பில் எழுதிய கை, கேட்காமலே அந்தச் சொல்லை எழுதியிருந்தது. அவர் மறுக்கவில்லை. பழைய கோட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசியதையும், புதிய கோட்டைத் தேயிலைச் சாயத்தால் மங்கவைத்ததையும் தாழ்ந்த குரலில் சொன்னார். எண்பது வருடமாக அப்படி ஒரு வெள்ளம் வரவில்லை, மேலே அணைகளும் கட்டியாயிற்று, இனி எங்கே வரப்போகிறது என்று நினைத்தாராம்.

"ஊரூரா வாடகை வீட்டுல ஈந்தவன் நான். வாப்பாட எடத்துலயே எனக்குன்னு ஒரு கதவு ஈக்கட்டும்னு ஆசப்பட்டேன்."

றுமைஸா அவரைத் திட்டவில்லை. "கீழ்த்தட்டுல பிள்ளைகள் தூங்கும், நானா," என்றார். ஹாஷிம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மற்றவர்கள் போன பிறகு, விசாரணையில் உயரத்தை மட்டும் சொன்னால் போதுமா என்று றுமைஸா கேட்டார். அலுமாரியை யாரும் மறுக்க முடியாது, யார் பெயரைச் சொல்வது என்பது குடும்பத்தின் முடிவு என்றார் யசோதினி. உண்மைக் கோட்டின்படி வாப்பாவின் நிலம் முழுவதும் பூங்காவுக்குள் போய்விடும், றுமைஸாவுக்கும் அங்கே ஒன்றும் மிஞ்சாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அது தெரிந்துதான் படியேறி வந்தேன் என்றார் றுமைஸா.

திங்கட்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கணேஸ் பின்வரிசையில் இருந்தார். பஸ் நிலையத்துக்கு அருகே வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டதாக ஸிபானிடம் சொல்லியிருந்தார். றுமைஸா எழுந்து ஐந்தடி நான்கு அங்குலம் என்றார், அலுமாரியின் படங்களைக் கொடுத்தார். தலைமை அதிகாரி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீழ்த்தளம் பற்றிப் பொறியியலாளர்களிடம் சில கேள்விகள் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, அப்படியானால் சுவரில் இருந்த கோட்டை இறக்கியது யார் என்றார்.

றுமைஸா பேசவில்லை. அதிகாரி மறுபடியும் கேட்டார். யோகராஜையும் கணேஸையும் நோக்கிச் சில தலைகள் திரும்பின.

வாசற்பக்கம் நின்றிருந்த ஹாஷிம் முன்னால் நடந்து வந்தார்.

"நான்தான் சேர். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்ல."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எழுத்தர் அவருடைய முழுப்பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கினார். றுமைஸா பக்கத்துக் கதிரையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கதிரையை நானாவுக்கு நகர்த்திப் போட்டார்.