மெயிலில் வந்த மாலை

சுவாதி மேஜைக்கு அடியில் பாய்ந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள்.

தன் மெயில் பெட்டிக்கு வந்த பிரதியை இப்போதுதான் திறந்து பார்த்திருந்தாள். மெயில் அனுப்ப அவள் எழுதிய புரோகிராம் திக்கி நின்றது.

ஆனால்... அறுநூறு மெயில்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன!

போன் அலறியது.

"மேடம், எப்போ எடுக்கறாங்க?" ஸ்டோர்ஸ் கங்கப்பன் விம்மினார்.

"எதை?"

"முதலாளியைத்தான்! மாலை போட்ட போட்டோ வந்துச்சே... பக்கத்துல ரெண்டு குத்துவிளக்கு வேற!"

அடுத்த போன். பெங்களூரு டீலர். கன்னடத்திலேயே அழுதார்.

அதற்கடுத்து பெயிண்ட் ஷாப் கோபி.

"ஏன் மேடம், இந்த லீவு ஆயுத பூஜை லீவோட சேர்ந்ததா... தனியா?"

பம்ப் கம்பெனி முதலாளி ரத்தினவேல், காலையில் காரில் கிளம்பியவர். அவர் போன் சுவிட்ச் ஆஃப்.

சிப்காட் கேட்டில் போலீஸ் ஜீப் உறுமி நின்றது. இன்ஸ்பெக்டர் ஜோதிமணி உள்ளே வந்தார். பின்னாலேயே எச்.ஆர். மேனேஜர் ஜெகதீஷ்.

"இவதான் மேடம் அனுப்பினது! மத்திகிரி வீட்டுல முதலாளியம்மா மயங்கிக் கிடக்கறாங்க!"

ஜோதிமணி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஆள் செத்தது ஊர்ல யாருக்குமே தெரியலை. உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சது?"

"அய்யோ! அது ஆயுத பூஜை வாழ்த்து மேடம்!"

"வாழ்த்து எங்கே?"

"டிசைன் பண்ணின ஹெச்.டி.எம்.எல். மெயில் மேடம். வாழ்த்து வாசகம் மொத்தமும் தனிப் படம். எங்க சர்வர்லேர்ந்து வரணும். மெயில் பாக்ஸுங்க அதைத் தடுத்துடுச்சு. முதலாளி போட்டோ மெயிலுக்குள்ளயே இருந்ததால... அது மட்டும் ஜம்முனு வந்துடுச்சு."

"தலைப்பு?"

"அவர் பேர் மட்டும்தான்..."

"வாசகத்தை எழுத்தாவே அடிச்சிருக்கலாமே?"

"படமா இருந்தா அழகா இருக்கும்னு..."

"ரொம்ப அழகா இருக்கு! சரி, உயிரோட இருக்கறவருக்கு மாலை போடச் சொன்னது யாரு?"

சுவாதி பிடுங்கிய கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"சொல்ல மாட்டியா?"

"சொன்னா வேலை போயிடும் மேடம்."

"சொல்லலைன்னா நீயே போயிடுவே. என் ஜீப்புல!"

தடால்!

கதவு திறந்தது. தோளில் ஒரு பெரிய பூசணிக்காயுடன்... ரத்தினவேல்!

"ராயக்கோட்டைக்குப் பூசணிக்காய் வாங்கப் போனேன். போன்ல சார்ஜ் இல்லை. வாட்ச்மேன் என்னைப் பார்த்து ஓடறான்! என்னய்யா நடக்குது இங்கே?"

ஜெகதீஷ் கையிலிருந்த மலர் வளையத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

ரத்தினவேல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"யார் போட்ட மாலை இது? சுவாதி! இந்த நிமிஷத்தோட உனக்கு இங்கே வேலை இல்லை!"

சுவாதி நிமிர்ந்தாள். பயம் போயே போய்விட்டது.

"வேலையே போயிடுச்சு, இனிமே என்ன ரகசியம்? நீங்கதான் சார் போடச் சொன்னீங்க!"

சுவாதி அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"'வருஷா வருஷம் அந்த லேத் மெஷினுக்கு மாலை போட்டு மெயில் அனுப்பறியே... நான் என்ன அதை விட மட்டமா? இந்த வருஷம் எனக்குப் போடு. நான் கேட்டேன்னு வெளியே தெரிஞ்சா உன் வேலை காலி!' நீங்கதானே சார் மிரட்டினீங்க?"

ரத்தினவேல் பூசணிக்காயை மெல்லக் கீழே வைத்தார்.

ஜோதிமணி தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"சார், அந்தப் பொண்ணுக்கு வேலையைத் திருப்பிக் குடுத்துடுங்க. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு அறுநூறு பேருக்கு வேற யாரு மெயில் அனுப்பறது?"