சாய்ந்திருந்த கம்பு

பனிவண்டி கல்லில் மோதி நின்றுவிட்டது.

"எறங்குங்க எல்லாரும். இனிமே நாமளும் நாய்ங்களோட சேர்ந்து இழுக்கணும்," என்றார் அப்பா இனுத்தெக்.

இவாலு குதித்து இறங்கினாள். ஆறு வயதுத் தம்பி ஒடாக், கலைமான் தோலுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

"நான் மூட்டை. மூட்டை நடக்காது."

"மூட்டை பேசவும் பேசாது. எறங்குடா!"

பின்னால் உறைந்த கடல். முன்னால் வெறும் கற்கள். அந்தக் கற்களுக்கு அப்பால்தான், இரண்டு மலைகளுக்கு நடுவில், பனியாறு தன் வெள்ளை முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

பன்னிரண்டு நாய்களும் இழுக்க, மூன்று பேரும் தள்ள, வண்டி கற்களின்மேல் கிறீச் கிறீச் என்று நகர்ந்தது. இவாலு ஒவ்வோர் அடியையும் எண்ணினாள். முதல் தடவை அவள் இந்த வழியாக வந்தபோது கற்களில் நாற்பது அடிதான் தள்ள வேண்டியிருந்தது. போன வருடம் நூற்றுப் பத்து. இந்த வருடம் எண்ணி முடித்தபோது இருநூற்று அறுபத்து நான்கு!

கற்கள் எல்லாம் கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருந்தன. கரையில் இருக்கும் மற்றக் கற்களைப் போல இவற்றின்மேல் கருப்புப் பாசி எதுவும் படரவில்லை. இதுவரை பனிக்கு அடியில் கிடந்த கற்கள்.

"நீங்க சின்னப் பையனா இருந்தப்போ எவ்வளவு தூரம்பா தள்ளுவீங்க?"

"எங்க தள்ளுனோம்? கடல் பனியிலேருந்து நேரா இந்தப் பனிக்கு ஏறிடுவோம். நடுவுல ஒரு கல்லு கூட கண்ணுல படாது."

சொல்லிவிட்டு அப்பா வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளினார்.

மலைக்கு அந்தப் பக்கம் இமிலிக் என்ற சிற்றூர். இரண்டு வருடங்களுக்கு முன் சித்தப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. அவரோடு அவர் மகள் நிவியும் போய்விட்டாள். நிவியும் இவாலுவும் ஒரே வயது. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். நிலம் கடலுக்குள் நீட்டியிருக்கும் முனையைச் சுற்றிக் கடல் வழியாகப் போகலாம் என்றால், அங்கே கடல் இப்போதெல்லாம் சரியாக உறைவதில்லை. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, வசந்த காலத்தில், இந்தப் பனியாற்றின்மேல் ஏறிப் போவார்கள்.

நாளைக்கு நிவிக்குப் பிறந்தநாள். ஊரே வந்து காபியும் கேக்கும் சாப்பிட்டுப் போகும். அவளுக்காக இவாலு குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து, சீல் தோலில் ஒரு ஜோடி கையுறை தைத்திருந்தாள். இடது கட்டைவிரல் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. நிவி நிச்சயம் கேலி செய்வாள். அந்தக் கேலியைக் கேட்கத்தான் இவாலுவுக்கு அவ்வளவு அவசரம்.

பனியாற்றின் அடிவாரத்தில் நாய்களின் கயிறுகள் சிக்கிக்கொண்டன. அப்பா குனிந்து சிக்கெடுக்க உட்கார்ந்தார்.

"இவாலு, முதல் கம்பு நிக்குதான்னு போய்ப் பாரு. அதைத் தாண்டி ஒரு அடி கூட வைக்கக் கூடாது. சரியா?"

"சரிப்பா."

போன இலையுதிர் காலத்தில் அப்பா, உச்சியில் துணி கட்டிய மூன்று மூங்கில் கம்புகளை ஒரே கோட்டில் பனிக்குள் ஆழமாக நட்டிருந்தார். மேலே இருக்கும் பனி எப்போதும் வழவழப்பாக, ஒன்றும் தெரியாதது போலத்தான் இருக்கும். அடியில் பிளவு விட்டிருந்தால் கம்புதான் காட்டிக்கொடுக்கும். மூன்றும் நேராக நின்றால் போகலாம். ஒன்று சாய்ந்திருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

இவாலு மேட்டில் ஏறினாள். தூரத்தில் இரண்டாவது கம்பும் மூன்றாவது கம்பும் நேராக நின்றன.

முதல் கம்பு சாய்ந்திருந்தது.

நிறைய இல்லை. தூங்கி வழிகிறவனின் தலை மாதிரி, கொஞ்சம் இடது பக்கமாக. அதன் அடியில் பனியில் மெல்லிய கீறல் ஒன்று ஓடியது.

இவாலு திரும்பிப் பார்த்தாள். அப்பா கயிறுகளோடு போராடிக்கொண்டிருந்தார். மேட்டின் மறைவில் அவருக்கு இது தெரியாது.

'காத்துல சாஞ்சிருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்றால் சாயவில்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து நிமிர்த்தினாள். காலால் பனியைத் தள்ளிக் கீறலை மூடினாள். பல் தேய்க்கிற நேரம்கூட ஆகவில்லை.

அப்பா வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடு பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு. டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

அடுப்பு மூட்டினார்கள். உலர்ந்த மீனைக் கடித்துக்கொண்டு டீ குடித்தார்கள். இவாலு தன் மீனைப் பாதியிலேயே நாய்க்குப் போட்டாள்.

"அப்பா, இன்னிக்கு வண்டியில நான்தான் முன்னாடி," என்றான் ஒடாக். "அக்கா போன தடவை உக்காந்தா. நான்தான் முதல்ல அந்தப் பக்கம் போவேன்."

"சரி, நீயே முன்னாடி."

ஒடாக் ஓடிப் போய் வண்டியின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். கால் தரையைத் தொடவில்லை. காலை ஆட்டிக்கொண்டே, "கிளம்புங்கடா சோம்பேறிங்களா!" என்று நாய்களைத் திட்டினான். ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இவாலு அந்தக் குட்டிக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீயைக் கீழே வைத்தாள்.

"அப்பா."

"என்ன?"

"கம்பு சாஞ்சிருந்துச்சு. நான்தான் நிமிர்த்தி வச்சேன்."

அப்பா திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய், ஒடாக்கைத் தூக்கி வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். பிறகு ஒரு கயிற்றை வண்டியில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். நீளமான இரும்புக் கோலை எடுத்தார். முதல் கம்பின் அருகில் போய் மண்டியிட்டு, கையை நீட்டி அதற்கு அப்பால் குத்தினார்.

முதல் குத்தில் கோல் நின்றது. இரண்டாவது குத்தில் கைப்பிடி வரை சரக்கென்று உள்ளே போனது. அவர் கோலை உருவியதும் பனி பொதுக்கென்று சரிந்தது. ஒரு வண்டி அகலத்துக்கு நீலமாய் ஒரு வாய் திறந்தது. விழுந்த பனி அடியைத் தொடுகிற சத்தத்துக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது வர வெகு நேரமானது.

"உள்ளே யாருப்பா இருக்கா?" என்று ஒடாக் மெதுவாகக் கேட்டான்.

"யாரும் இல்ல."

அப்பா பின்வாங்கி வந்து பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவாலு அழுதாள். "மன்னிச்சிருங்கப்பா... நிவியைப் பாக்கணும்னுதான்... நான் வேற எதையும் நெனைக்கல..."

"கம்புல கட்டியிருந்த துணி வேற பக்கம் திரும்பியிருந்துச்சு," என்றார் அப்பா. "நான் கவனிச்சேன். அடியில பனி மிதிபட்டிருந்ததையும் பாத்தேன். பாத்தும் கேக்கல. அது நேரா இருக்கணும்னு எனக்கும் ஆசை. உன் சித்தப்பன் என் தம்பிதானே?"

இவாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அப்பா இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

"நீ சொன்னே. நான் சொல்லியிருக்க மாட்டேன்," என்று அவள் தலையைத் தொட்டார்.

திடீரென்று இவாலு நிமிர்ந்தாள். "அப்பா! சித்தப்பாவும் நிவியும் உச்சி வரைக்கும் எதிர்ல வர்றோம்னு சொன்னாங்களே! நம்மளக் காணோம்னு அவங்க இந்தப் பக்கம் எறங்கிட்டா?"

அப்பா சட்டென்று சாட்டிலைட் போனை எடுத்தார். நல்லவேளை, அவர்கள் அப்போதுதான் நாய்களைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா நாலே வார்த்தைதான் பேசினார். மறுமுனையில் "பொய்! பெரியப்பா பொய் சொல்றார்!" என்று நிவி கத்துவது கேட்டது.

"வேற யாராவது இந்த வழியா வந்தா?" என்றாள் இவாலு.

"வருவாங்க. அடுத்த வாரம் ரெண்டு வண்டி கிளம்புதுன்னு கேள்வி."

இவாலு போய், பள்ளத்துக்கு இந்தப் பக்கமே இருந்து, முதல் கம்பை அப்பாவோடு சேர்ந்து பிடுங்கினாள். வண்டியிலிருந்து இன்னொரு கழியை எடுத்து, இரண்டையும் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்காகக் கட்டி, அடிவாரத்திலேயே கண்ணில் படும்படி நட்டாள். தன் சிவப்புக் கழுத்துத் துணியை அவிழ்த்து உச்சியில் கட்டினாள்.

"இந்த வழி அடுத்த வருஷம் சரியாயிடுமாப்பா?"

அப்பா பனியாற்றின் முகத்தைப் பார்த்தார். "இல்ல இவாலு. சரியாகாது."

போன் அடித்தது. நிவிதான். அப்பா போனை இவாலுவிடம் நீட்டினார்.

"என்னடி, வர மாட்டியாமே?" குரல் அழுது கம்மியிருந்தது.

இவாலு ஒன்று விடாமல் சொன்னாள். கம்பை நிமிர்த்தியதை, கீறலை மூடியதை, ஒடாக் முன்னால் போய் உட்கார்ந்ததை.



"லூசு," என்றாள் நிவி. பிறகு, "நானா இருந்தாலும் நிமிர்த்தித்தான் வச்சிருப்பேன்," என்றாள்.

"கோடையில பனி உருகிக் கடல் தெறந்ததும் படகுல வர்றேன்," என்றாள் இவாலு.

"படகா? நீ வழியெல்லாம் வாந்தி எடுப்பியே!"

"எடுத்துக்கிட்டே வருவேன்."

"அக்கா, என் பங்கு கேக்கைப் பத்திரமா வைக்கச் சொல்லு!" என்று ஒடாக் பக்கத்திலிருந்து கத்தினான்.

நிவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். இவாலுவும் சிரித்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. போனை வைக்க இருவருக்குமே மனம் வரவில்லை.