காருக்குள் ஏறிய ஈரம்

காலுறை நனைந்திருந்தது.

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதுதான் மாஸ்டர் அதைக் கவனித்தார். மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. வழியில் அவர் எந்தத் தண்ணீரிலும் கால் வைக்கவில்லை. ஷூவின் வெளிப்புறம் தூசி படிந்து வறண்டு கிடந்தது. உள்ளே மட்டும், பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். காலுறையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பூச்சாடியில் பல நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை.

"கார் ஏசி தண்ணி ஒழுகுது போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மனைவி பார்ப்பதற்குள் காலுறைகளை அழுக்குக் கூடையின் அடியில் திணித்தார்.

மாஸ்டர் என்பது அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர். அடுத்தவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயப்படுவதுதான் அவர் தொழில். ஓட்டுநர் பள்ளிக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, வீட்டில் டிவி பார்க்கும்போதுகூடக் கால் தானாகத் தரையை அழுத்தும். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான், இனி ஒரு நல்ல வண்டியின் ஸ்டீயரிங்கையாவது நாமே பிடிப்போம் என்று தோன்றியது. அப்படி வந்ததுதான் இந்தக் கார். கருநீலம். தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் இரண்டே இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதுதான். ஆனால் பெரிய ஷோரூம், கண்ணாடி மேல் தங்க நிறத்தில் "முழுமையாகச் சோதிக்கப்பட்டது" என்ற முத்திரை, கூடவே உத்தரவாதம்.

"ரெண்டு பேர்தான் உக்கார முடியுமா? அப்ப மூணாவது ஆள் டிக்கிலயா வரணும்?" என்று கேட்டாள் மனைவி. வாங்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை. பின்னால் சொல்லிக்காட்டுவதற்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் முதல் சிக்னலில் பிரேக் மிதித்தார். கார் அழகாக நின்றது. நின்ற பிறகு, அரை நொடி தாமதமாக, ஏதோ ஒன்று பின்னாலிருந்து நகர்ந்து வந்து முன்பக்கம் மோதி, மறுபடி பின்னால் போனது. சளக் என்ற சத்தம். மூடிய பானையைத் தூக்கி வைக்கும்போது உள்ளே தண்ணீர் புரளுமே, அந்தச் சத்தம். கண்ணாடியில் பார்த்தார். பின்னால் பார்ப்பதற்கு இடமே இல்லை, இருக்கைக்குப் பின் வெறும் தடுப்புதான். பச்சை விழுந்தது. கிளப்பினார். சத்தம் பின்னால் சரிந்தது. வளைவில் பக்கவாட்டில் ஏறியது. ஏசியை அணைத்தார், ரேடியோவை அணைத்தார், மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டு கேட்டார். கதவுக்குள் இருந்து வருகிறதா, தரைக்கு அடியில் இருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கணுக்கால்கள் சில்லென்று இருந்தன. குனிந்து தரைவிரிப்பைத் தொட்டார்.

காய்ந்திருந்தது.

அன்று வகுப்பில் ஒரு இல்லத்தரசி வண்டியை ரிவர்ஸில் எடுத்துச் சுவரோடு ஒட்ட வைத்தபோது, பிரேக்கில் கால் வைக்கவே அவர் மறந்துபோனார். "மாஸ்டர், உடம்பு சரியில்லையா?" என்று அந்த அம்மாள்தான் கேட்டாள்.

மதியம் நேராக ஷோரூமுக்கு விட்டார். போகும் முன் ஒரு காரியம் செய்தார். பழைய வண்டி வாங்குகிற மாணவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுப்பதுதான். தன் வண்டிக்கு மட்டும் முத்திரையை நம்பி விட்டுவிட்டார். பக்கத்து இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார். முதலில் கறுப்பாகப் பளபளவென்று வந்த பெல்ட், முடிவில் ஒரு முழ நீளத்துக்கு மண் நிறமாக இருந்தது. நிறம் மாறும் இடத்தில் நேரான ஒரு கோடு. விரலால் தேய்த்தால் பவுடர் போல வண்டல் உதிர்ந்தது.

விற்றவன் டை கட்டிய இளைஞன். அன்றைக்கும் அதே சென்ட் வாசனையோடு வந்தான். பெல்ட்டைப் பார்த்தான்.

"தூசி சார்."

"தூசி கோடு போட்டா படியும்?"

"சார், எங்க வண்டி எல்லாம் அக்குவேறா ஆணிவேறா செக் பண்ணித்தான் வெளிய போகும். உள்ள தண்ணி பாட்டில் எதும் கவிழ்ந்துச்சா?"

"இந்த வண்டி தண்ணில முழுகின வண்டி தம்பி. ஒத்துக்கிட்டு எடுத்துக்கங்க. சண்டைக்கு வரல."

இளைஞன் சிரித்தபடியே பின்பக்கம் பார்த்துக் கையசைத்தான். மெக்கானிக் வந்தார். மாஸ்டர் வயதுதான் இருக்கும். கதவைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் இருந்த பஞ்சை அழுத்திக் காட்டினார். ஒரு துளி ஈரம் இல்லை. ஏசி குழாயை ஊதிக் காட்டினார். அடைப்பு இல்லை. எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் அடுத்தவர் காலைப் பார்த்துப் பார்த்தே பிழைக்கிற மாஸ்டருக்கு ஒன்று தட்டுப்பட்டது. அத்தனை நேரமும் அந்த மனிதரின் ஒரு கால் வெளியே, தரையில் ஊன்றியே இருந்தது.

"உள்ள உக்காந்து, கதவ மூடிட்டு ஒரு ரவுண்டு போய்ப் பாருங்களேன்" என்றார் மாஸ்டர்.

"வேணாங்க. தொறந்தே பாத்துட்டேன்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்தார். காய்ந்த கைகள். துடைத்துக்கொண்டே இருந்தார். இளைஞன் இடையில் புகுந்து, மேனேஜர் ஊரில் இல்லை, வந்ததும் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, மாஸ்டரைக் கார் வரை கொண்டுவந்து விட்டான்.

திரும்பும் வழி நெரிசல். வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. வெயில் பானெட்டில் அடித்துக் கண் கூசியது; ஆனால் குளிர் அவர் கெண்டைக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. காற்றின் குளிர் இல்லை. காற்று என்றால் அங்கங்கே படும். இது சுற்றிப் பிடித்தது, சுற்றிலும் ஒரே அளவில், ஒரே கனத்தில். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குக் கொண்டுபோக நேரம் பிடித்தது, வயலுக்குள் நடப்பதுபோல. பார்த்தால் ஒன்றும் இல்லை. கால், பெடல், கறுப்பு விரிப்பு, அவ்வளவுதான். சாவித் துவாரத்தில் தொங்கிய கொத்து மட்டும் கண்ணில் பட்டது. கார் குலுங்கினால் சாவிகள் கலகலவென்று ஆடவேண்டும். அவை சத்தமில்லாமல், சோம்பலாக, ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்தன. குளத்தடியில் கொடி அசைவதைப் போல.

வெளியே ஹார்ன்கள் அலறின. அவர் காதில் அவை தூரத்தில் யாரோ முனகுவதாகக் கேட்டன.

குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கில் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. பூட்டு விலகியிருந்தது; கதவுதான் கனத்தது. தோளைக் கொடுத்து முட்டினார். மறுபடி முட்டினார். ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு திறந்தது. தடுமாறி வெளியே வந்து நின்றவரின் பேன்ட் இரண்டு முழங்காலுக்கும் மேலே வரை நனைந்து ஒட்டியிருந்தது. ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் ஒரே மட்டத்தில்.

துவைக்கப் போடும்போது மனைவி அதை விரித்துப் பார்த்தாள். "என்னங்க இது, குளத்துல இறங்கியா வகுப்பு எடுக்குறீங்க?"

"புதுசா வந்த ஒருத்தன் தண்ணிய கொட்டிட்டான்."

"ரெண்டு கால்லயும் சமமாவா கொட்டினான்?"

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் வண்டி பார்த்துச் சொல்கிறவர், சொந்த வண்டியில் ஏமாந்துவிட்டார் என்பதை எப்படிச் சொல்வது? மிச்சத்தை எந்த வாயால் சொல்வது?

அதன் பிறகு அவர் காரைத் தொடவில்லை. பேருந்தில் போனார், வந்தார். காரணம் கேட்டால் இன்சூரன்ஸ் வரவேண்டும் என்றார். உட்கார்ந்த இடத்தில் உட்காரமுடியவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்ப்பார்; கார் நிற்பதோ அடித்தளத்தில், பால்கனியிலிருந்து தெரியாது என்பது தெரிந்தும் பார்ப்பார். குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் குழாயை மூடுவார்.

மகள்தான் விடவில்லை. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். சம்பாதிக்க ஆரம்பித்தும் வீட்டில் அவள் பெயர் வாண்டு.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேம்ப்பா."

"வேணாம்."

"உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க ஊரு பூரா ஓட்டுறாங்க. நான் மட்டும் பஸ்ல தொங்கணுமா?"

"வேணாம்னா வேணாம்டா."

"காரணம் சொல்லுங்க, கேக்கவே மாட்டேன்."

அவர் சாவியைக் குளிர்சாதனப் பெட்டி மேல் தூக்கி வைத்தார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

ஷோரூமிலிருந்து அழைப்பு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சிக்னலுக்காகப் பால்கனியின் மூலைக்குப் போய் நின்று பேசினார். அதே இளைஞன்தான். ஆனால் குரலில் பழைய மெருகு இல்லை.

"சார், வண்டிய திருப்பி எடுத்துக்கறோம். காலைல ஆளு வரும். கட்டி இழுத்துட்டுப் போயிருவாங்க."

"கட்டி இழுத்தா? ஓடுற வண்டிதானே?"

எதிர்முனையில் யாரோ அவனிடம் என்னவோ சொன்னார்கள். அந்த மெக்கானிக்கின் குரலைப் போல இருந்தது.

"சார்... நீங்க இப்ப அதை ஓட்டறீங்களா?"

"இல்ல."

"ஓட்டாதீங்க. அதுவரைக்கும் யாரையும் உள்ள உக்கார விடாதீங்க சார். கதவ மூடிக்கிட்டு மட்டும் யாரும்..." அவன் நிறுத்தினான். "எங்களுக்கும் தெரியாது சார். ஏலத்துல வந்த வண்டி. சத்தியமா தெரியாது."

மாஸ்டர் உள்ளே வந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டி மேல் கையை வைத்தார். அங்கேதான் சாவியை வைத்திருந்தார். துழாவினார். தூசிதான் கையில் பட்டது.

"சாவி எங்க?"

மனைவி திரும்பாமலே சொன்னாள். "மூணாவது மாடிக்காரர் வண்டிய எடுக்கணுமாம், நம்மது மறிச்சுக்கிட்டு நிக்குதாம். நீங்க போன்ல இருந்தீங்க. அதான் வாண்டு போயிருக்கா, கொஞ்சம் தள்ளி விட. இப்பத்தான் வேலைலேருந்து வந்தா, பாவம், செருப்புகூட..."

அவர் படிகளில் இருந்தார். லிஃப்ட்டை நினைக்கவே இல்லை. கைப்பிடி உள்ளங்கையில் சுட்டது. ஒவ்வொரு மாடியிலும் வெவ்வேறு டிவிச் சத்தம், வெவ்வேறு சமையல் வாசனை, ஒரு குழந்தையின் அழுகை. எல்லாம் அவரைக் கடந்து மேலே போய்க்கொண்டிருந்தன. கீழே இறங்க இறங்க சத்தம் குறைந்தது. கடைசித் திருப்பத்தில் அந்த வாடை வந்தது.

அடித்தளத்தில் குழல் விளக்குகள் ரீங்கரித்தன. சிமென்ட் தரை வெளிறிக் கிடந்தது. டயர் தடங்கள் மேல் மெல்லிய தூசி.

கார் தன் இடத்தைவிட்டுப் பாதி வெளியே வந்து நின்றிருந்தது. எஞ்சின் ஓடவில்லை. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன.

உள்ளே வாண்டு உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, உட்கார்ந்துதான் இருக்கிறாள். அவர் நடையைக் குறைத்தார். கையை உயர்த்தி, இறங்கு என்று காட்டினார்.

அவள் இறங்கவில்லை.

அவள் தலைமுடி அவிழ்ந்திருந்தது. தோளில் விழவில்லை. மேலே எழும்பியிருந்தது. முகத்தைச் சுற்றி மெல்ல விரிந்து, மெல்லக் கூடி, மறுபடி விரிந்தது. கழுத்தில் மாட்டிய அடையாள அட்டை, நாடாவோடு, மோவாய்க்கு எதிரே மிதந்துகொண்டிருந்தது.

அவள் வாயிலிருந்து ஒரு குமிழி வந்தது. கார்க் கூரையில் போய் ஒட்டியது.

மாஸ்டர் ஓடினார்.

கதவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை வைத்து உதைத்து இழுத்தார். வரவில்லை. கீழே தரை. காய்ந்த தரை. ஒரு சொட்டு இல்லை. வாண்டு அவரைப் பார்த்தாள். கண்கள் விரிந்திருந்தன. கன்னங்கள் உப்பியிருந்தன. இன்னும் மூச்சு வைத்திருக்கிறாள். கொஞ்சம். கொஞ்சம்தான்.

தூணில் தீயணைப்பு உருளை. பிடுங்கினார். அடித்தார். கண்ணாடி சிலந்தி வலையானது. அடித்தார். நொறுங்கி விழுந்தது.

ஒன்றும் வெளியே கொட்டவில்லை.

கண்ணாடி இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. செங்குத்தாக. சிந்தாமல். பழுப்பாக. பாலாடை போல லேசாக நடுங்கிக்கொண்டு.

யோசிக்கவில்லை. கையை உள்ளே விட்டார். முழங்கை வரை. தோள் வரை. எலும்பைக் கடிக்கும் குளிர். பெல்ட்டின் பூட்டைத் தேடினார். வழுக்கியது. வண்டல். மறுபடி தேடினார்.

விரல்கள் அவர் மணிக்கட்டைப் பற்றின. இறுக்கமாக.

"புடிச்சுக்கடா. அப்பா இருக்கேன். விடாத." சொன்னாரா, நினைத்தாரா, தெரியவில்லை. இழுத்தார்.

வாண்டு தலையை அசைத்தாள். இல்லை என்று. இல்லை, இல்லை என்று. கலங்கல் மெல்ல விலகியது.

அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. வெளுத்து.

மணிக்கட்டைப் பற்றிய விரல்கள் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தன. அவை அவரை உள்ளே இழுத்தன.